துட்டி கேட்க வந்தவர்கள்

கொடும்பாவிக்கு நான் அழ மாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன்.

"ஏட்டி கனி, ஊருக்காவத்தான கேக்கோம்? கொஞ்ச நேரம் அழுதா கொறைஞ்சா போயிருவ?" என்றார் தினேஷ் பெரியப்பா. எங்கள் வார்டு மெம்பர். எழுபது வயதாகியும் சட்டைப் பையில் சீப்பு வைத்துக்கொண்டு திரிகிற மனுஷன்.

"நெசமாச் செத்தவங்களுக்கு அழவே தெம்பில்ல. இதுல வாழச் சருகுக்கு வேற அழணுமாக்கும்?"

"சருகுக்கா அழச் சொல்லுதேன்? மழைக்கு அழுட்டி."

மழை பொய்த்துப்போனால் ஊர் சேர்ந்து ஒரு பொம்மை செய்து, ஊர்ப் பாவமெல்லாம் அதன் தலையில் என்று சொல்லிப் பாடையில் ஏற்றி, தெருத்தெருவாக இழுத்துக்கொண்டு போய் எரிப்பது எங்கள் பக்கத்து வழக்கம். பெண்கள் பின்னாலேயே மாரடித்து ஒப்பாரி வைக்க வேண்டும். அதைப் பார்த்து வானம் மனம் இரங்கி ஒரு பாட்டம் அழுமாம். பொம்மையை வைக்கோலில்தான் செய்வார்கள். ஆலடிப்பத்தில் நெல் நட்டே வருஷக்கணக்காகிவிட்டது, வைக்கோலுக்கு எங்கே போக? வாழைச் சருகைச் சுருட்டிக் கட்டி, பெரியப்பாவின் பழைய பேன்ட் ஒன்றை மாட்டிவிட்டார்கள். பார்க்கப் பெரியப்பா மாதிரியேதான் இருந்தது.

என்னை ஏன் இப்படிக் கெஞ்சினார்கள் என்றால், என் குரல் அப்படி. பாட்டுப் பாடினால் படுத்திருக்கிற நாய் எழுந்து போய்விடும். அழ ஆரம்பித்தால் மட்டும் பத்து வருஷப் பகையாளியும் மூக்கைச் சிந்துவான். சுற்றுப்பட்டியில் எங்கே சாவு விழுந்தாலும் "கனிஷ்கா வந்துட்டாளா?" என்று கேட்டுவிட்டுத்தான் பிணத்தைக் குளிப்பாட்ட நீர்மாலை எடுக்கக் கிளம்புவார்கள். கனிஷ்கா என்ற பெயரை வைத்தபோது என் அப்பா இதையெல்லாம் நினைத்திருக்க மாட்டார், பாவம்.

எங்கள் ஊர் களக்காட்டு மலையடிவாரத்தில் இருக்கிறது. மேற்கே மின்வேலி. வேலிக்கு அந்தப் பக்கம் சரணாலயம். ஐப்பசி என்றால் அடைமழை என்று பள்ளிக்கூடத்தில் படித்ததோடு சரி. இப்போதெல்லாம் வருஷத்து மழை முழுவதும் ஒரே நாளில் பேய்போலக் கொட்டி, வரப்பையும் வாழையையும் சேர்த்து உருட்டிக்கொண்டு போய்விடும். அல்லது வரவே வராது. இந்த வருஷம் வரவே இல்லை. மலைமேல் மூக்குத்திப்பாறை அணையில் மட்டும் கொஞ்சம் தண்ணீர் கிடந்தது. அது காட்டு உயிர்களுக்கு.

அந்த அணையின் மதகையும் வேலியின் கதவுகளையும் பார்த்துக்கொள்வது ஒரு மெஷின். முன்னே மனுஷர்கள்தான் பார்த்துக்கொண்டார்கள். யாருக்குச் செல்வாக்கோ அவர்கள் வயல் பக்கம் மதகு திறந்துகொள்ளும். காட்டுக்குள்ளே மான்கள் கொத்துக் கொத்தாகச் செத்து விழுந்த ஒரு கோடையில் யாரோ கோர்ட்டுக்குப் போனார்கள். மதகில் இனி மனுஷக் கையே படக் கூடாது என்று தீர்ப்பாகிவிட்டது. வேலி நெடுகக் கம்பங்கள் நட்டார்கள். ஒவ்வொரு கம்பத்தின் தலையிலும் கவிழ்த்த சட்டி மாதிரி ஒரு காது. யானை உறுமுவது, மான் கத்துவது, பன்றி மூச்சு விடுவது எல்லாவற்றையும் கேட்டு, எந்த உயிருக்கு எங்கே தாகம் என்று தானே கண்டுகொண்டு, கொஞ்சம் கொஞ்சமாக மதகைத் திறக்கும். காட்டுக்குள் ஓடுகிற ஓடையில் மிச்சம் இருந்தால் எங்கள் வாய்க்காலுக்கு வரும். மிச்சம் இருந்ததே இல்லை.

நாங்கள் அதற்குக் காதுக்காரன் என்று பெயர் வைத்திருந்தோம். மாமியாரைப் பற்றிப் பேசிக்கொண்டு வருகிற பெண்கள் கம்பத்துக்குப் பக்கத்தில் வந்ததும் வாயை மூடிக்கொள்வார்கள். நான் மட்டும் போகிற வருகிற நேரமெல்லாம் "ஏ காது, வாழையும் உயிருதாம்ல!" என்று கத்திவிட்டுப் போவேன். அது காதில் போட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை.

எனக்கு இருந்தது ஒரே வயல். அதில் ஏத்தன் வாழை. எல்லாம் குலை தள்ளி, காய் திரளுகிற பருவத்தில் நின்றன. அந்த நேரத்தில்தான் அதற்குத் தண்ணீர் வேண்டும். இல்லாவிட்டால் காய் சூம்பிப்போகும். எனக்கும் என் வீட்டுக்காரர் முகிலனுக்கும் ஒரு பேச்சு இருந்தது. இந்தத் தார் தேறிவிட்டால் ஊரில் இருப்பது. தேறாவிட்டால் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஸ்ரீபெரும்புதூரில் அவர் தம்பி இருக்கிற அடுக்குமாடிக்குப் போய்விடுவது. "பதிமூணாவது மாடி. ஆனையும் ஏறி வராது, பன்னியும் வராது. கொழாயத் தொறந்தா தண்ணி" என்பார். குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிற இடத்தில் எனக்கு என்ன வேலை? வாழையை விட்டால் எனக்கு ஒரு எழவும் தெரியாது.

ஊர் எல்லை என் வயலோடு முடிகிறது. அதனால் கொடும்பாவியை என் வரப்போரத்தில்தான் கொண்டுவந்து கிடத்தினார்கள். தென்காசிப் பக்கத்திலிருந்து உறுமி மேளம் வந்திருந்தது. நெருப்புப் பொறி வாழையில் விழுந்துவிடக் கூடாதே என்று நான் ஒரு குடத்துத் தண்ணீரோடு காவலுக்கு நின்றேன். அழவெல்லாம் இல்லை.

எனக்கு அண்ணி முறையான ஹர்ஷிதா மைனிதான் அழுதாள். சின்ன வயதில் செல்போனில் ஆடிப் பாடிப் பேர் வாங்கியவள். "முத்தே மணியே" என்று ஆரம்பித்துக் கண்ணைத் துடைக்கிற சாக்கில் கூட்டத்தில் யார் யார் பார்க்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டாள். எனக்குச் சிரிப்பு வந்தது. அப்போதுதான் உறுமிக்காரர் வளைந்த குச்சியைத் தோலில் வைத்து இழுத்தார். ம்ம்ம் என்று ஒரு சத்தம், தரையிலிருந்து ஏறி முழங்காலுக்கு வந்தது. நான் திரும்பி என் வாழையைப் பார்த்தேன். இலையெல்லாம் மடங்கித் தொங்கிக்கொண்டு நின்றன. அவ்வளவுதான். குடத்தைப் போட்டுவிட்டு மாரில் அடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

"கொல தள்ளி நின்னியளே எங் கண்ணுகளா,
குடிக்கத் தண்ணி கேட்டியளே எங் கண்ணுகளா,
ஊத்த ஒரு சொட்டில்லையே எங் கண்ணுகளா,
ஒங்கள விட்டு எங்க போவேன் எங் கண்ணுகளா!"

பெண்கள் எல்லாரும் என்னைச் சுற்றி விழுந்தார்கள். ஒவ்வொருத்திக்கும் அவளவள் வயல் ஞாபகம். ஹர்ஷிதா மைனிகூட நிஜமாக அழுதுவிட்டாள். பெரியப்பா சீப்பை எடுக்கப் போய்க் கைக்குட்டையை எடுத்தார்.

மறுநாள் காலையில் வானம் துடைத்துவைத்த தட்டு மாதிரி இருந்தது. ஒரு பொட்டு மேகம் இல்லை. ஆனால் வாய்க்காலில் தண்ணீர் வந்தது. சருகையும் நுரையையும் தள்ளிக்கொண்டு கரை தொட்டு வந்தது. ஊரே வாய்க்காலில் இறங்கி நின்று கும்மாளம் போட்டது. மூதேவி மழை வராவிட்டால் போகிறது, தண்ணீர் வந்ததே! நான் மடையைத் திறந்துவிட்டு, ஒவ்வொரு வாழையின் காலடியிலும் தண்ணீர் சுற்றி வருகிறதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். சாயங்காலத்துக்குள் இலை நிமிர்ந்துவிட்டது. என் வீட்டுக்காரர் வந்து பார்த்துவிட்டு, "இன்னும் ஒரு தண்ணி கெடைச்சா தேறிரும் போலயே" என்றார். கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் சொன்னார்.

அதற்கு அடுத்த நாள் காப்பி குடித்துக்கொண்டிருக்கும்போது வெளியே சத்தம். "ஆனை! ஆனை எறங்கிட்டு!"

வேலிக் கதவு தானாகத் திறந்துகிடந்தது. என் வரப்போரத்தில் ஒரு கூட்டமே நின்றது. என் வீட்டுக்காரர் வெடியைத் தூக்கிக்கொண்டு ஓடினார். நான் அவருக்கு முன்னால் ஓடினேன். போச்சு, எல்லாம் போச்சு என்று வாயிலும் வயிற்றிலும் அடித்துக்கொண்டு போய்ப் பார்த்தால், ஒரு இலையைக் கூடத் தொடவில்லை. கொடும்பாவியை எரித்த சாம்பலைச் சுற்றி அமைதியாக நின்றன. காது கிழிந்த ஒரு பெரிய பெண் யானை தும்பிக்கை நுனியால் சாம்பலை மெதுவாகக் கிளறியது. பெரியப்பாவின் பேன்ட் கொக்கி தும்பிக்கையில் சிக்கியது. எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு, இருந்த இடத்திலேயே வைத்தது. ஒரு குட்டி மட்டும் என் வாழை இலையைப் பிடித்து இழுத்தது. அதன் தாய் பொட்டென்று ஒரு அடி கொடுத்து இழுத்துக்கொண்டது. சாவு வீட்டில் விளையாடுகிற பிள்ளையை நாம் அடிக்கிற அதே அடி.

"வெடியக் கீழ வைங்கண்ணே! யாரும் கொளுத்தாதீங்க!" என்று கத்திக்கொண்டு மிதுலா வந்தாள். காதுக்காரனைப் பராமரிக்கிற வனத்துறைப் பெண். சாத்தூர்க்காரி. நல்ல பிள்ளை, கொஞ்சம் படபடப்பு. மூச்சு வாங்க என்னிடம், "அக்கா, முந்தாநாள் இங்க யாரு செத்தது?" என்றாள்.

"யாரும் சாகலட்டி. கொடும்பாவி எரிச்சோம்."

அவள் தலையில் கை வைத்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஆனை பேசுறதுல பாதி நம்ம காதுக்கு எட்டாதுக்கா. அடிவயித்துச் சத்தம். ஒண்ணு செத்துப்போச்சுன்னா மத்ததெல்லாம் சுத்தி நின்னு ஒரு சத்தம் போடும். அந்தத் துக்கத்த மெஷினுக்குச் சொல்லிக் குடுத்திருக்கோம். இந்த வெயில்ல செத்தா தாகத்துலதான் செத்திருக்கும், அதனால துக்கம் கேட்டா மதகத் தொறந்துரு, சொந்தபந்தம் வந்து பாக்கக் கதவத் தொறந்துருன்னு."

"நாங்க அழுதத ஆனைன்னு நெனச்சிட்டாக்கும்?" என்றார் பெரியப்பா.

"இல்லங்க ஐயா. அதான் எனக்கே புரியல. மனுசங்கதான்னு அதுக்குத் தெரிஞ்சிருக்கு. உங்க கல்யாணம், கோயில் கொடை, கட்சிக் கூட்டம் எல்லாத்தையும் அது வேண்டாத சத்தம்னு தள்ளிரும். இதத் தள்ளல. துக்கம், நிஜம்னு போட்டிருக்கு. யாரோட துக்கம்னு பிரிச்சுப் பாக்க நாங்க சொல்லிக் குடுக்கல."

"அது சரி, இந்த ஆனைகளுக்கு யாரு சொன்னா?"

"உறுமிச் சத்தம் தரை வழியாப் போகும். அதுக பாதத்துல கேக்கும்."

பெரியப்பா கொஞ்ச நேரம் யானைகளையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார். "அப்பம் துட்டி கேக்கல்லா வந்துருக்காவ! ஏல முகிலா, வெடியத் தூரப் போடு. துட்டிக்கு வந்த ஆள வெடி வச்சு வெரட்டுன ஊருன்னு பேரு எடுக்கவா?" என்று சொல்லிவிட்டு, வரப்பு முனையில் போய், கொள்ளி வைத்த வீட்டு ஆம்பிளைகள் துக்கம் விசாரிக்க வந்தவர்கள் முன்னால் நிற்பதுபோல் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றார். கிழிந்த காதுக்காரி அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திரும்பி நடந்தாள். மற்றவை வரிசையாகப் பின்னால் போயின. கதவு மூடிக்கொண்டது.

நாலு நாள் ஊரில் இதே பேச்சு. அப்புறம் பேச்சு மெல்லத் திரும்பியது.

"அழுத பிள்ளைக்குத்தான் பாலுன்னு பெரியவங்க சும்மாவா சொன்னாவ? வாரத்துக்கொரு தடவ அழுதுருவோம்" என்றார் பெரியப்பா.

மிதுலா வீடு வீடாக வந்து கெஞ்சினாள். "மேல எழுதிப் போட்டிருக்கேன். சரி பண்ண நாளாகும். மதகத் தொட எனக்கு அதிகாரம் கெடையாது, கோர்ட் உத்தரவு. நீங்களாப் பாத்து விடணும். போன தடவையே அணை பாதியாப் போச்சுக்கா. தண்ணி உள்வாங்குனா கரையெல்லாம் உளைசேறு. பெருசுக சமாளிச்சிரும். குட்டிக எறங்குனா ஏற முடியாது."

அவளுக்கு ஒரு செம்பு மோர் கொடுத்து அனுப்பினேன். தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு இல்லையா? என் வாழை மறுபடியும் மடங்க ஆரம்பித்திருந்தது.

முதலில் என்னைக் கூப்பிடாமலேதான் செய்து பார்த்தார்கள். புதுப் பொம்மை, அதே உறுமி. ஹர்ஷிதா மைனி தலைமையில் பெண்கள் தொண்டை வறள அழுதார்கள். மைனி இரண்டு தடவை மயங்கிக்கூட விழுந்தாள். வாய்க்காலில் ஒரு சொட்டு வரவில்லை. "சவத்து மெஷினு, எத்தன தடவதான் மயங்குறது?" என்று மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்தாள். காதுக்காரன் நடிப்புக்கு மசியவில்லை. தண்ணீர் வரும் என்று தெரிந்துகொண்டு அழுகிறவளுக்குத் துக்கம் எங்கேயிருந்து வரும்?

ஆக, ஊர் முழுக்க என் வாசலில் வந்து நின்றது. "ஒனக்குத்தான் நெசமா வருது. ஒன் வாழைக்கும் சேத்துத்தான சொல்லுதோம்" என்றார்கள். நான் என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார். பதிமூன்றாவது மாடியிலிருந்து கீழே பார்த்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். அழுகை தானாக வந்துவிடும் போலிருந்தது. "சரி, நாளைக்கு" என்றேன்.

மறுநாள் பொம்மையைக் கிடத்தியாயிற்று. உறுமிக்காரர் தோலை நெருப்பில் காட்டிக்கொண்டிருந்தார். நான் முடியை அவிழ்த்துவிட்டு உட்கார்ந்து, இன்னும் வாயைக்கூடத் திறக்கவில்லை. அதற்குள் வாய்க்கால் பக்கமிருந்து கூச்சல்.

"தண்ணி! தண்ணி வந்துட்டு!"

கரை தொட்டுத்தான் வந்தது. "கனி அழணும்னு நெனச்சதுக்கே வந்துட்டு பாத்தியளா!" என்று பெரியப்பா குதித்தார். ஹர்ஷிதா மைனி என்னைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்தாள். என் வீட்டுக்காரர் மடையைத் திறந்துவிட்டார். தண்ணீர் முதல் வரிசை வாழைக்குள் ஏறியது.

மிதுலா நடந்து வந்தாள். ஓடி வரவில்லை. கண் வீங்கியிருந்தது.

"நீங்க அழுதீங்களாக்கா?"

"இல்லட்டி. இன்னும் ஆரம்பிக்கல."

"தெரியும். மெஷின்ல பாத்தேன். இது அவங்க அழுதது." மலைப்பக்கம் கையைக் காட்டினாள். "அந்தக் குட்டி. சேத்துல எறங்கிருச்சு. ராத்திரி முழுக்கத் தூக்கிப் பாத்திருக்காங்க."

தண்ணீர் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. பிழைக்க வேண்டிய நேரத்தில் குட்டிக்கு எட்டாத தண்ணீர், செத்த பிறகு என் வயலில் வந்து சுற்றிக்கொண்டிருந்தது.

நான் எழுந்து மம்பட்டியை எடுத்தேன். மண்ணை வெட்டிப் போட்டு என் மடையை அடைத்தேன். வேலிக்கு இந்தப் பக்கம், வயலுக்குக் கீழே, மீன் விடுவதற்காகத் தோண்டிப் பாதியில் விட்ட ஒரு குட்டை இருக்கிறது. வாய்க்கால் கரையை வெட்டித் தண்ணீரை அதில் திருப்பினேன்.

"ஏட்டி, என்ன செய்யுத? இந்தத் தண்ணி போச்சுன்னா தாரு தேறாது. தெரியும்லா?" என்றார் என் வீட்டுக்காரர்.

"தெரியும்."

"நம்ம பேச்சு என்னன்னு ஞாவகம் இருக்குல்லா?"

"இருக்கு. வெட்டருவாளக் கொண்டாங்க. தேறாத தார மரத்துல வச்சு என்ன செய்ய? சாவு வீட்டுல அடுப்பெரியாது. சொந்தபந்தந்தான் சோறு கொண்டு போணும்."

"அது ஆனைட்டி" என்றாள் ஹர்ஷிதா மைனி, மெதுவாக.

"இருக்கட்டும் மைனி. நாம பொய்யா ஒரு பொணத்தப் போட்டோம். அதுக்கே வந்து நின்னாவ. நல்லதுக்குப் போகாட்டாலும் கெட்டதுக்குப் போயிரணும். வாரவுக வாங்க, வராதவுக வீட்டுக்குப் போங்க."

முதல் தாரை என் வீட்டுக்காரர்தான் வெட்டினார். முக்கால் திரண்ட காய். பச்சைப் பால் அவர் கையெல்லாம் வடிந்தது. துடைக்காமல் அடுத்ததை வெட்டினார். ஹர்ஷிதா மைனி சேலையைச் சும்மாடாகச் சுற்றித் தலையில் வைத்து, "ஏத்தி விடுட்டி" என்றாள். பெரியப்பா பொம்மையின் மேல் போட்டிருந்த மாலையைக் கழற்றி எடுத்துக்கொண்டார்.

வேலிக் கதவுக்கு முன்னால் மிதுலா எங்களை நிறுத்தினாள். "இதுக்கு மேல முடியாதுக்கா. செத்த எடத்துக்கு அந்தக் கூட்டத்தோட சொந்தத்தத்தான் மெஷின் விடும். மனுசங்களுக்குத் தொறக்காது. இங்கயே வச்சிட்டுக் கும்பிட்டுக்கிடுங்க."

தாரை இறக்கி வைக்கக் குனிந்தேன். கதவு கரகரவென்று நகர்ந்து திறந்தது.

மிதுலா கையிலிருந்த கருவியைப் பார்த்தாள். துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள். "நான் ஒண்ணும் செய்யலக்கா" என்றாள்.

"என்ன போட்டிருக்கு?"

"அன்னைக்கி அவங்க துட்டிக்கு வந்தாங்கல்ல? ஒண்ணோட சாவுக்கு இன்னொண்ணு வந்தா ரெண்டும் ஒரே குடும்பம். அப்படித்தான் சொல்லிக் குடுத்திருக்கோம். உங்க ஊர உறவுன்னு எழுதி வச்சிருக்கு."

கதவைத் தாண்டி ஒரு ஏற்றம் ஏறியதும் அணை. எல்லாரும் இந்தக் கரையில் நின்றோம். தண்ணீர் இருந்த இடம் முழுக்கக் கறுப்புச் சேறு. நடுவில் அது கிடந்தது. அன்றைக்கு என் இலையை இழுத்த தும்பிக்கை சேற்றில் நீண்டுகிடந்தது. அந்தக் கரையில் கூட்டம் ஒன்றும் செய்யாமல் நின்றது. தார்களையெல்லாம் இறக்கி வைத்தோம். பெரியப்பா மாலையைத் தாரின் மேல் வைத்தார்.

அழக் கூடாது என்றுதான் வந்தேன். அன்றைக்கு நான் அழுது இறக்கின தண்ணீருக்குப் பலன் இது. எனக்கு அழ என்ன யோக்கியதை இருக்கிறது? ஆனால் அந்தத் தாய் சேற்றில் ஒரு காலை வைத்து வைத்து எடுத்துக்கொண்டிருந்ததைப் பார்த்ததும் என்னால் முடியவில்லை. பாட்டெல்லாம் வரவில்லை. வெறும் சத்தம்தான் வந்தது.

மேலே மதகின் மோட்டார் ஓட ஆரம்பித்தது. இரும்புக் கதவு இன்னும் உயர்ந்தது. தண்ணீர் வரவில்லை. வருவதற்கு அங்கே ஒன்றும் இல்லை. கொஞ்ச நேரம் ஓடிவிட்டு மோட்டார் நின்றது.

கிழிந்த காதுக்காரி சேற்றைச் சுற்றிக்கொண்டு எங்கள் பக்கம் வந்தாள். மிதுலா என் கையை இறுகப் பிடித்தாள். கிழவி தாரை முகர்ந்தாள். தொடவில்லை. சாவு வீட்டில் யார்தான் கேட்டவுடனே சாப்பிடுகிறார்கள்? நாம்தான் வற்புறுத்த வேண்டும். "ஒரு வாயாவது சாப்பிடு தாயி, ஒனக்கு உசிரு வேணும்லா" என்றேன். அவள் ஒரு சீப்பைப் பிய்த்து, தின்னாமல் கொண்டுபோய் அந்தத் தாயின் முன்னால் வைத்தாள்.

துட்டி வீட்டிலிருந்து கிளம்பும்போது போய்ட்டு வாரேன் என்று சொல்லக் கூடாது. அவர்களை நம் வீட்டுக்கு வாங்க என்றும் சொல்லக் கூடாது. சொல்லாமல் எழுந்து போய்விட வேண்டும். எல்லாரும் அப்படித்தான் திரும்பி நடந்தார்கள். எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. கதவு வரை போனவள் திரும்பி நின்று சத்தமாகவே சொன்னேன்.

"எங்க வயலுக்குக் கீழ குட்டையில தண்ணி கெடக்கு. எல்லாரும் வாங்க."

வேலியைத் தாண்டியதும் என் வீட்டுக்காரர் நேரே வயலில் இறங்கினார். குலை வெட்டின வாழைகளுக்கு நடுவில் வந்து நின்று, மலைப்பக்கம் ஒரு தடவை பார்த்தார்.

"வாங்கன்னு வேற சொல்லிட்ட. இனி நாம ஊர விட்டு எப்படிட்டி போக?" என்றார்.